கார்பன் நானோகுழாய் பூசிய சென்சார்: உண்மையில் என்ன நடக்கிறது?

ஆராய்ச்சிக்குள் புதிதாக நுழையும் ஒருவர் கேட்டது: "மருந்துகளையும் டோபமைன், யூரிக் அமிலம் மாதிரியான உயிர்ச்சேர்மங்களையும் அளக்கும் மின்வேதியியல் சென்சார்களில் எல்லோரும் கார்பன் நானோகுழாய், கிராஃபீன் என்று பூசுகிறார்கள். அது உண்மையில் என்ன செய்கிறது? அவ்வளவு நன்றாக வேலை செய்தால் மருத்துவமனைகளில் ஏன் காணோம்?"

இரண்டாவது கேள்விதான் கனமானது. ஆனால் முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடினால், இரண்டாவதற்கான விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். அதனால் முதலிலிருந்தே வருகிறேன். கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்; அதைச் சுருட்டிய குழாய் போன்றது நானோகுழாய்.

பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். கரைசலில் மூன்று மின்முனைகளை வைக்கிறோம். அதில் ஒன்றின் மேல்தான் நாம் கவனிக்கும் வினை நடக்கும். அதன் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் பாராசிட்டமால் மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான்களை மின்முனையிடம் கொடுத்துவிடும். கூடவே இரண்டு புரோட்டான்களும் கழன்றுபோகும். அந்த எலக்ட்ரான்களின் ஓட்டத்தைத்தான் மின்னோட்டமாக அளக்கிறோம். வரைபடத்தில் ஒரு பீக் எழும். பீக் எங்கே வருகிறது என்பது ஆள் யார் என்று சொல்லும். எவ்வளவு உயரம் என்பது எத்தனை பேர் என்று சொல்லும். எலக்ட்ரானை இழந்த பாராசிட்டமால் ஒரு குவினோன் இமினாக மாறுகிறது. மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவரின் கல்லீரலைச் சிதைப்பதும் இதே சேர்மம்தான். கல்லீரலில் நொதி செய்யும் ஆக்சிஜனேற்றத்தை இங்கே ஒரு துண்டு கார்பன் செய்கிறது. இந்தத் துறையில் என்னைப் பிடித்து வைத்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

ஏன் கார்பன்? மின்னழுத்தத்தை ஏற்றி மின்னோட்டத்தை அளக்கும் முறைகளின் முன்னோடியான போலரோகிராஃபியை வேதியியலாளர் ஹெய்ரோவ்ஸ்கி 1922-ல் தொடங்கியபோது பயன்படுத்தியது பாதரசத் துளி. பாதரசம் ஒடுக்க வினைகளுக்கு அருமையானது. ஆனால் நேர்மின்னழுத்தப் பக்கம் கொஞ்சம் போனாலே அது தானே கரைய ஆரம்பித்துவிடும். நமக்கு வேண்டிய மருந்துகளும் நரம்புக் கடத்திகளும் பெரும்பாலும் ஆக்சிஜனேற்றம் அடைபவை. கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஆடம்ஸ் 1958-ல் கிராஃபைட் தூளை எண்ணெயோடு குழைத்துப் பசையாக்கி மின்முனை செய்தார். அதுதான் கார்பன் பேஸ்ட். விலை குறைவு, மேற்பரப்பு பழுதானால் காகிதத்தில் தேய்த்துப் புதிதாக்கிக்கொள்ளலாம், அகலமான மின்னழுத்த வரம்பில் அமைதியாக இருக்கும். 1970-களில் அவரே எலியின் மூளைக்குள் கார்பன் மின்முனையை இறக்கி அங்குள்ள சேர்மங்களை அளக்க முயன்றார். நானோ என்ற சொல் இந்தத் துறைக்குள் வருவதற்கு வெகு முன்பே, கார்பன் தன் இடத்தைப் பிடித்துவிட்டது.

இஜிமா 1991-ல் கார்பன் நானோகுழாய்களை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஐந்தே வருடத்தில், 1996-ல், பிரிட்டோ, சந்தானம், அஜயன் மூவரும் நானோகுழாயால் செய்த மின்முனையில் டோபமைன் ஆக்சிஜனேற்றம் அடைவதைக் காட்டினார்கள். 2004-ல் கைமும் நோவோசெலோவும் கிராஃபீனைப் பிரித்துக் காட்டிய பிறகு கதவு முழுதாகத் திறந்துகொண்டது.

டோபமைன் ஏன் எல்லோருக்கும் முதல் சோதனைப் பொருளாக இருக்கிறது? அதன் பக்கத்திலேயே அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, உட்கார்ந்திருக்கிறது. மூளையின் செல்களுக்கு வெளியே உள்ள திரவத்தில் டோபமைனைவிடப் பல நூறு மடங்கு, சமயத்தில் ஆயிரம் மடங்குக்கும் மேல் அது உண்டு. கண்ணாடி போல வழுவழுப்பான, கடினமான கார்பனால் ஆன வெறும் 'கண்ணாடிக் கார்பன்' மின்முனையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் ஆக்சிஜனேற்றம் அடையும். இரண்டு பீக்கும் ஒன்றாகக் கலந்து அகலமான ஒரு மேடு மட்டும் தெரியும். போதாததற்கு, ஆக்சிஜனேற்றம் அடைந்த டோபமைனை அஸ்கார்பிக் அமிலம் மறுபடியும் டோபமைனாகவே திருப்பிவிடும். அதே மூலக்கூறு திரும்பவும் வந்து எலக்ட்ரான் கொடுக்கும். மின்னோட்டம் பெருகிக் காட்டும். ஆக, நாம் படிக்கும் எண் டோபமைனுடையது மட்டுமாக இருக்காது.

இப்போது அதே மின்முனையில் நானோகுழாய் பூசிப் பாருங்கள். அஸ்கார்பிக் அமிலம் சுழியம் வோல்ட்டுக்குப் பக்கத்தில், டோபமைன் 0.2 வோல்ட்டுக்குப் பக்கத்தில், யூரிக் அமிலம் 0.3 வோல்ட்டைத் தாண்டி என மூன்று தனித்தனிப் பீக்குகளாகப் பிரிந்து நிற்கும். முதல் முறை அந்த வரைபடத்தைத் திரையில் பார்க்கும்போது வரும் சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. ஆனால் ஏன் பிரிந்தது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், "நானோகுழாயின் மின்வினையூக்கம்" என்று மட்டும் சொல்லியிருப்பேன். அது ஒரு சொல்தான், விளக்கம் அல்ல.

உண்மையில் அங்கே ஒரே நேரத்தில் பல காரியங்கள் நடக்கின்றன. மேற்பரப்பு பெருகுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அது இரண்டு பக்கமும் வெட்டும். பரப்பு கூடினால், மின்முனை ஒரு மின்தேக்கி மாதிரி மின்சுமை ஏறுவதற்காக இழுக்கும் மின்னோட்டமும் சேர்ந்தே கூடும். பீக் உயர்கிற அளவுக்குப் பின்னணி இரைச்சலும் உயர்ந்தால் லாபம் ஒன்றுமில்லை. மின்னழுத்தத்தைச் சிறு சிறு துடிப்புகளாகக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பல்ஸ் முறையில் பின்னணியைக் கழித்துவிடுவதால்தான் பல நேரங்களில் சமாளிக்க முடிகிறது.

அடுத்தது விளிம்புகள். கிராஃபைட்டின் தட்டையான தளத்தைவிட, அடுக்குகள் முடியும் விளிம்பில் எலக்ட்ரான் வேகமாகக் கைமாறும் என்பதை ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் காம்ப்டன் குழுவினர் தொடர்ந்து வாதிட்டார்கள். நானோகுழாயின் திறந்த முனைகளிலும் குறைபாடுகளிலும் இருப்பது அதே மாதிரியான விளிம்புகள்தான். வார்விக் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் அன்வின் குழு மிக நுண்ணிய துளிகளைக் கொண்டு மேற்பரப்பைப் புள்ளி புள்ளியாக அளந்து, தட்டையான தளமும் பல வினைகளில் அப்படியொன்றும் செயலற்றது அல்ல என்று காட்டியது. என்னைக் கேட்டால், எந்த மூலக்கூறு என்பதைச் சொல்லாமல் இந்த விவாதத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அமிலத்தில் கொதிக்கவைத்த நானோகுழாயில் கார்பாக்சில் தொகுதிகள் உண்டாகும். நடுநிலைக் கரைசலில் அவை எதிர்மின்சுமையோடு இருக்கும். டோபமைன் அந்தக் கரைசலில் நேர்மின்சுமை கொண்டது, அஸ்கார்பிக் அமிலம் எதிர்மின்சுமை கொண்டது. ஒன்றை இழுக்கிறது, மற்றதைத் தள்ளுகிறது. இதில் நானோ என்று தனியாக எதுவும் இல்லை. எதிர்மின்சுமை கொண்ட நஃபியான் என்ற பாலிமரைப் பூசினாலும் இதே காரியம் நடக்கும்.

இன்னொன்று, நான் எல்லா மாணவர்களிடமும் வற்புறுத்திச் சொல்வது. நானோகுழாய் பூச்சு தட்டையான தாள் கிடையாது. நூற்கண்டை அவிழ்த்துக் கொட்டியது போல, நடுநடுவே இடைவெளிகளோடு கிடக்கும். அந்த இடைவெளிகளில் கரைசல் சிக்கிக்கொள்ளும். சாதாரண மின்முனைக்கு மூலக்கூறுகள் தூரத்திலிருந்து விரவல் மூலம் வந்துசேர வேண்டும். இங்கேயோ அவை ஏற்கெனவே பூச்சுக்குள்ளேயே, கார்பன் சுவர்களுக்கு மிக அருகில் இருக்கின்றன. அதனால் எலக்ட்ரான் பரிமாற்றத்தின் வேகம் கொஞ்சமும் மாறாவிட்டாலும் பீக் குறைந்த மின்னழுத்தத்துக்கு நகரும். பார்ப்பவருக்கு வினையூக்கம் போலவே தெரியும். காம்ப்டன் குழு 2008-ல் இதைக் கணக்கிட்டுக் காட்டியது. ஆக, அந்த மூன்று பீக்குகளும் பிரிந்து நிற்பதில் ஒரு பங்கு பூச்சின் வடிவத்தால் வந்தது.

பயன்பாட்டுக்கு அது எப்படி வந்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் காரணம் பூச்சின் தடிமன் என்றால், தடிமன் மாறும்போதெல்லாம் சென்சாரும் மாறும். அங்கேதான் சிக்கல். ஸ்கேன் வேகத்தை, அதாவது மின்னழுத்தத்தை ஏற்றும் வேகத்தை, மாற்றிப் பாருங்கள். பீக் உயரம் வேகத்தின் வர்க்கமூலத்தோடு ஏறினால் விரவல். வேகத்தோடே நேராக ஏறினால் சிக்கிய கரைசலோ, ஒட்டிக்கொண்ட மூலக்கூறோ காரணம். அப்புறம் மின்முனையை எடுத்து, கழுவி, மருந்து கலக்காத வெறும் பஃபர் கரைசலில் வைத்து ஓட்டுங்கள். பீக் அப்படியே இருந்தால் மூலக்கூறு கார்பனில் ஒட்டியிருக்கிறது. அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் "மின்வினையூக்கம்" என்று எழுதிவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பூச்சைப் போடும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கார்பன் மின்முனையை 0.05 மைக்ரான் அலுமினாச் சேற்றில் எட்டுப் போட்டுத் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்குகிறோம். நானோகுழாயை டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பானில் போட்டு அல்ட்ராசோனிக் தொட்டியில் கலைத்து, பைப்பெட்டில் 5 மைக்ரோலிட்டர் எடுத்து அந்தக் கறுப்பு வட்டத்தின் நடுவில் ஒரு சொட்டு வைத்து உலரவிடுகிறோம். உலரும்போது விளிம்பில் நீர்மம் வேகமாக ஆவியாவதால், உள்ளிருக்கும் துகள்கள் வெளிப்பக்கமாக இழுக்கப்பட்டு ஒரு வளையமாகப் படியும். காப்பிக் கறை காய்ந்தால் ஓரம் மட்டும் கருத்திருக்குமே, அதேதான். நடுவில் மெலிசு, ஓரத்தில் தடிப்பு. அடுத்த மின்முனையில் அந்த வளையம் வேறு மாதிரி விழும். ஒரே கையால், ஒரே நாளில், ஒரே குப்பியிலிருந்து எடுத்துச் செய்த ஐந்து மின்முனைகள் ஐந்து விதமான பீக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு மின்முனையை வைத்தே ஐந்து முறை அளந்துவிட்டு "மீள்நிகழ்தன்மை நன்று" என்று எழுதுவதும், ஐந்து மின்முனைகளைத் தனித்தனியாகச் செய்து அளப்பதும் ஒன்றல்ல.

தூய்மை இன்னொரு பெரிய விஷயம். நானோகுழாய்களை வளர்க்க இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற உலோகத் துகள்கள் வேண்டும். அமிலத்தில் எவ்வளவு கழுவினாலும் கார்பன் கூட்டுக்குள் அடைபட்ட உலோகம் முழுதாகப் போவதில்லை. நானோகுழாயின் வினையூக்கம் என்று சொல்லப்பட்ட சில வினைகளுக்கு உண்மையான காரணம் இந்த உலோக மிச்சமே என்று 2006-ல் காட்டப்பட்டது. கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றும் ஹம்மர்ஸ் முறையில் செய்யும் கிராஃபீன் ஆக்சைடில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் சேர்ப்பதால் மாங்கனீசு தங்கிவிடும். மார்ட்டின் பூமெரா குழுவினர் 2020-ல் பறவை எச்சத்தைக் கலந்து கிராஃபீனைத் தயாரித்து, கலக்காததைவிட அது கூடுதல் வினையூக்கம் காட்டுவதை வெளியிட்டார்கள். ஏதோ ஒன்றைச் சேர்த்தால் ஏதோ ஒரு முன்னேற்றம் வரத்தான் செய்யும், அந்த முன்னேற்றம் மட்டுமே புரிதலாகிவிடாது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியிலும் இதே போன்ற கதை உண்டு. அதன் எலக்ட்ரான் மையமான எஃப்ஏடி புரதத்துக்குள் ஆழமாகப் புதைந்திருக்கிறது. நானோகுழாய் உள்ளே நுழைந்து நேரடியாக எலக்ட்ரானை எடுக்கிறது என்று 2000-களில் ஏராளமானோர் எழுதினார்கள். அவர்கள் காட்டிய பீக் பெரும்பாலும் புரதத்திலிருந்து கழன்று கார்பனில் ஒட்டிக்கொண்ட எஃப்ஏடியுடையது என்று பின்னர் வந்த கவனமான சோதனைகள் சொல்லின. குளுக்கோஸ் சேர்க்கும்போது அந்த மின்னழுத்தத்தில் வினையூக்க மின்னோட்டம் எழுகிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை.

இனி மருத்துவமனைக் கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளில் முதலில் கண்ணில் படுவது கண்டறியும் வரம்பு, அதாவது சென்சார் காணக்கூடிய மிகக் குறைந்த செறிவு: இத்தனை நானோமோலார், இத்தனை பிக்கோமோலார். அந்த எண்ணைப் பார்க்கும் முன், மருத்துவருக்கு எந்தச் செறிவில் பதில் வேண்டும் என்று கேளுங்கள். பாராசிட்டமாலை அளவு மீறி விழுங்கியவருக்கு, நான்கு மணி நேரம் கழித்து இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராம் இருக்கிறதா என்பதுதான் பல இடங்களில் சிகிச்சையை முடிவு செய்யும் கோடு. சில நாடுகளில் அது 100. 150 மைக்ரோகிராம் என்பது ஏறத்தாழ 1 மில்லிமோலார். வெறும் அச்சிட்ட கார்பன் மின்முனையே தாராளமாக அளக்கக்கூடிய செறிவு இது. அங்கே பத்து நானோமோலார் வரம்பு யாருக்கும் உதவாது. அந்த நேரத்தில் வேண்டியது 140-க்கும் 160-க்கும் வித்தியாசம் சொல்லும் நம்பகம்.

மெத்தோட்ரெக்ஸேட் வேறு வகை. புற்றுநோய்க்கு அதை அதிக அளவில் கொடுத்தபின், இரத்தத்தில் பொதுவாக 0.1 மைக்ரோமோலாருக்குக் கீழே இறங்கும்வரை அதன் நச்சைத் தணிக்கக் கொடுக்கும் முறிவு மருந்தை நிறுத்த மாட்டார்கள். மெத்தோட்ரெக்ஸேட் மின்முனையில் வினைபுரியக்கூடியது. கார்பன் பரப்பில் நன்றாக ஒட்டவும் செய்யும். இங்கே நானோகுழாயின் பெரிய பரப்பும் ஒட்டும் தன்மையும் உண்மையிலேயே கைகொடுக்கும். முதலில் சில நிமிடம் ஒட்டவிட்டுப் பிறகு அளந்தால் பீக் பல மடங்கு உயரும். ஆனால் மருந்தில் ஏறத்தாழப் பாதி இரத்தப் புரதமான ஆல்புமினோடு பிணைந்திருக்கும்; நேரடியாகத் தொட்டு அளக்கும் சென்சார் பார்ப்பது பிணையாத பாதியை. ஆய்வகம் கொடுக்கும் மொத்த அளவோடு ஒப்பிடும்போது இதைக் கணக்கில் கொள்ளாமல் விட்டால் எண்கள் ஒத்துப்போகாது.

இதய மருந்தான டிகாக்சின் மூன்றாவது வகை. சிகிச்சை அளவே ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு நானோகிராம், அதாவது ஓரிரு நானோமோலார். மின்முனையில் எளிதாக எலக்ட்ரானும் கொடுக்காது. எவ்வளவு நல்ல கிராஃபீனாக இருந்தாலும் தனியாக இதைச் சாதிக்காது. இந்த மூலக்கூறை மட்டும் அடையாளம் கண்டு பிடிக்கும் எதிர்ப்புரதமோ, ஆப்டமர் என்ற செயற்கை டிஎன்ஏ, ஆர்என்ஏ இழையோ சேர்த்தாக வேண்டும். கார்பன் அங்கே அவற்றைத் தாங்கும் மேடை மட்டும்.

அடுத்தது சீரம், அதாவது இரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் திரவம். என் முதல் மருந்து சென்சார் பஃபரில் அழகான நேர்கோடு கொடுத்தது. அதையே நீர்க்காத சீரத்தில் வைத்தேன். முதல் ஸ்கேனில் பீக் பாதியாகச் சுருங்கியது. ஐந்தாவது ஸ்கேனில் ஏறக்குறையக் காணாமல் போனது. மின்முனையை எடுத்துப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. புரதங்கள் மேலே படலமாகப் படிந்து வழியை அடைத்துவிட்டன. பல மூலக்கூறுகள் அடைப்பைத் தாங்களே உண்டாக்கவும் செய்யும்: செரடோனின், ஃபீனால் வகைகள் ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் ஒன்றோடொன்று சேர்ந்து மின்முனை மேலேயே பிசினாகிவிடும்.

இதைத் தவிர்க்கத்தான் சீரத்தை ஐம்பது மடங்கு, நூறு மடங்கு பஃபரில் நீர்த்து, அதில் மருந்தைக் கலந்து, கலந்ததில் எவ்வளவு அளவீட்டில் திரும்பக் கிடைத்தது என்பதை "மீட்பு 99 சதவீதம்" என்று எழுதுகிறார்கள். நூறு மடங்கு நீர்த்தால் கண்டறியும் வரம்பும் நோயாளியின் இரத்தத்தைப் பொறுத்தவரை நூறு மடங்கு மோசமாகிறது. தவிர, நாமே கலந்த மருந்து வேறு, உடலுக்குள் போய் உருமாறி, தன் வளர்சிதைப் பொருட்களோடு சேர்ந்து வரும் மருந்து வேறு. அந்த வளர்சிதைப் பொருட்களில் சில அதே மின்னழுத்தத்தில் எலக்ட்ரான் கொடுக்கும். உண்மையான நோயாளிகளின் மாதிரியை சேர்மங்களைப் பிரித்து அளக்கும் ஆய்வக முறையான எச்பிஎல்சியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட கட்டுரை கிடைத்தால் அதை இரண்டு முறை படியுங்கள்.

நடைமுறையில் ஜெயித்த கார்பன் மின்முனைகளைப் பாருங்கள். வீட்டில் சர்க்கரை அளக்கும் பட்டைகளில் பலவற்றில் இருப்பது அச்சிட்ட சாதாரணக் கார்பன் மை. மூளை ஆய்வில் டோபமைனை அளப்பது சுமார் 7 மைக்ரான் தடிமனுள்ள ஒற்றைக் கார்பன் இழை. மார்க் வைட்மன் குழு வளர்த்தெடுத்த அந்த முறையில் நொடிக்கு 400 வோல்ட் வேகத்தில், நொடிக்குப் பத்து முறை மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குகிறார்கள். மூளைக்குள் டோபமைன் எழுந்து அடங்குவது நொடிக்கணக்கில் தெரியும். மேலே 1.3 வோல்ட் வரை போவதால் இழையின் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜனேற்றம் அடைந்து தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. 2014-ல் ஜேம்ஸ் டூர் குழு, பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் தாளில் லேசரை ஓட்டினால் அது நுரை போன்ற கிராஃபீனாக மாறுவதைக் காட்டியது. சொட்டு வைக்க வேண்டாம், உலரவைக்க வேண்டாம். கணினி வரைந்த வடிவம் ஒவ்வொரு முறையும் அப்படியே வரும். அந்த வகை மின்முனையைக் கொண்டு கால்டெக்கில் வெய் காவ் குழு வியர்வையில் யூரிக் அமிலத்தையும் டைரோசினையும் அளக்கும் ஒட்டுப்பட்டை செய்தது. எனக்கு இந்தத் திசையில்தான் நம்பிக்கை அதிகம். காரணம் கிராஃபீன் என்ற பெயர் அல்ல. ஒரே மாதிரி ஆயிரம் செய்ய முடிகிறது என்பது.

எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், டயரில் சேர்க்கும் கார்பன் கறுப்பைக் கூட முயன்று பாருங்கள் என்பேன். நானோகுழாயோடு ஒப்பிடும் அளவுக்கு அது பல மருந்துகளில் வேலை செய்கிறது. அடைப்புதான் பிரச்சினை என்றால் போரான் சேர்த்த வைரம். விலை அதிகம், ஆனால் மூலக்கூறுகள் எளிதில் ஒட்டாது, பின்னணி மின்னோட்டமும் குறைவு. பந்து வடிவக் கார்பன் மூலக்கூறான ஃபுல்லரீனில் எனக்கு அவ்வளவு ஈர்ப்பில்லை. கார்பன் புள்ளிகள் எனப்படும் ஒளிரும் நுண்துகள்கள் ஒளிர்வு முறைக்குப் பொருந்தும் அளவுக்கு மின்வேதியியலுக்குத் தனியாகப் பொருந்துவதில்லை.

ஆய்வைத் தொடங்கப் போகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். நானோ பொருள் எதையும் வாங்கும் முன், முதல் வாரத்தில் பத்து வெறும் அச்சுக் கார்பன் மின்முனைகளை எடுத்து, உங்கள் மருந்தை அதன் சிகிச்சை அளவிலேயே நீர்க்காத சீரத்தில் கலந்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முறை அளந்து, பத்து வரைபடங்களையும் ஒரே தாளில் ஒன்றன் மேல் ஒன்றாக வரையுங்கள். பீக் தெரியவே இல்லை என்றால் உங்களுக்குப் பரப்பும் ஒட்டும் தன்மையும் வேண்டும். தெரிகிறது, ஆனால் பத்தும் பத்து விதம் என்றால் வேண்டியது சீரான தயாரிப்பு. அஸ்கார்பிக் அமிலத்தின் மேல் ஏறிக்கொண்டு தெரிந்தால் மின்சுமை பார்த்து வடிகட்டும் ஒரு படலம் வேண்டும். எந்தக் கார்பன் என்ற கேள்வியை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள்.